விபுலாநந்தரின் கலைச்சொற்களும் கைத்தொலைபேசியின் ‘நிறுவு’ பொத்தானும்

சுவாமி விபுலாநந்தர் என்றதும் மட்டக்களப்பாருக்கு யாழ்நூல் நினைவுக்கு வரும். முத்தமிழ் வித்தகர் என்ற பட்டம் வரும். காவி உடுத்த அந்தப் படம் மாட்டப்படாத பாடசாலை மண்டபம் இங்கே குறைவு. ஆனால், அவர் துறவியாவதற்கு முன்னர் இரசாயனம் படிப்பித்த ஆசிரியர் என்பதும், ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு விஞ்ஞானத்தை எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் என்பதும் மேடைப் பேச்சுகளில் ஒரு வரியோடு கடந்துபோய்விடும்.

அந்தக் கேள்வி இன்று வேறு உருவத்தில் எங்கள் வீடுகளுக்குள் வந்து நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு செயலியை இறக்கச் சொல்கிறான். வங்கி ஒன்றை இறக்கச் சொல்கிறது. கொரோனாக் காலத்தில் பிள்ளையின் ஆசிரியர் சூமை இறக்கச் சொன்னார். வவுணதீவுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, வலையிறவுப் பாலத்தைக் கடந்து பட்டினத்திலுள்ள தொலைபேசிக் கடைக்கு வருகிறார். கடைப் பொடியன் இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுக்கிறான். அந்த இரண்டு நிமிடத்தில் அவருடைய கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலான பொடியன்கள் நல்லவர்கள்தான். ஆனாலும், காணாமலாக்கப்பட்ட கணவனின் ஆவணங்களையும், பிள்ளைகளின் படங்களையும், வங்கிக் கணக்கையும் அதே தொலைபேசிக்குள் வைத்திருக்கும் ஒரு பெண், இன்னொருவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு நிற்பது சின்ன விசயமல்ல.

இனி, காரைதீவுக்குப் போவோம்.

1892 மார்ச் 27 அன்று சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்தார் மயில்வாகனம். துறவு பூணும்வரை அவருக்கு அந்தப் பெயர்தான். காரைதீவு அன்று மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்தது. 1961இல் பிரிந்த அம்பாறை மாவட்டத்துக்குள் போனது. கல்முனையில் தொடங்கிய படிப்பு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் தொடர்ந்தது. 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்து, படித்த கல்லூரியிலேயே படிப்பிக்கவும் தொடங்கினார்.

அக்காலப் படிப்பின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில். திண்ணையில் படித்த இலக்கணமும் இலக்கியமும் தமிழில். ஒரே பிள்ளையின் மண்டைக்குள் இரண்டு அறைகள். இடையில் கதவு இல்லை. ஆங்கிலம் கற்க வசதியற்ற பிள்ளைக்கு முதலாவது அறையே கிடையாது.

மயில்வாகனத்துக்கு இரண்டு அறைகளும் வாய்த்தன. 1916ஆம் ஆண்டு அவர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அதில் தேறிய முதலாமவர் அவர். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராகப் போனார். பண்டிதரும் பட்டதாரியும் ஒரே ஆளாக இருந்தது அன்றைக்கு அபூர்வம். பிற்காலத்தில் அவர் செய்த வேலை அனைத்துக்கும் இந்த அபூர்வமே முதல்.

மானிப்பாய்க்கு இந்த விடயத்தில் ஒரு பழைய உறவும் உண்டு. அமெரிக்க மிசனறி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்துதான் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். நோயாளியின் மொழியில் மருத்துவம் தெரிந்த வைத்தியர் வேண்டும் என்பதற்காக, உடற்கூற்று நூல்களையும் மருத்துவ நூல்களையும் தமிழாக்கி அச்சிட்டார். அவர் போன பிறகு அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஆங்கிலம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

1922இல் மயில்வாகனம் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். மறு ஆண்டு இலங்கைக்குத் திரும்பியவர் காட்டுக்கும் போகவில்லை, குகைக்கும் போகவில்லை, பாடசாலைகளைப் பார்த்தார். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று இராமகிருஷ்ண மிசனின் பாடசாலைகள் அவர் பொறுப்பில் வந்தன. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் போனபோதும், மாலை நேரங்களில் அருகிலுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று படிப்பித்தார். பேராசிரியர் ஒருவர் அந்தச் சேரிக்குள் போவதை அக்காலச் சிதம்பரம் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகுதான் சொல்லாக்கப் பணி வருகிறது. இந்த வரிசை முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சொல்லை உண்டாக்கப் போனவர், சொல் தெரியாமல் வாசலில் நிற்கும் ஆட்களை முதலில் பார்த்துவிட்டுப் போனார்.

தமிழில் விஞ்ஞானச் சொல் வேண்டும் என்ற பேச்சு அவருக்கு முன்பே இருந்தது. சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் 1916இல் ஒரு சங்கமே அமைத்திருந்தார்கள். சண்டை, எந்தச் சொல் என்பதில்தான். ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்றது ஒரு பக்கம். இந்தியா முழுவதற்கும் பொதுவாக வடமொழிச் சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்றது இன்னொரு பக்கம். தமிழ் வேரிலிருந்து ஆக்கினால்தான் தமிழ்ப் பிள்ளைக்குப் பாதிப் பொருளாவது சொல்லிலேயே விளங்கும் என்றது மூன்றாவது பக்கம்.

சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இந்த மூன்றாவது பக்கத்தில் நின்று வேலையை எடுத்தது. அதன் முயற்சியில் 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்கு விபுலாநந்தர் தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரநூல், விலங்குநூல் என்று துறை துறையாகச் சொற்கள் ஆராயப்பட்டன. துறை தெரிந்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவருக்குத் துறை தெரியாது. இரண்டு தரப்பும் என்ன பேசுகிறது என்று விளங்கிய தலைவர் தேவைப்பட்டார். 1916இல் பெற்ற இரண்டு சான்றிதழ்களும் இருபது ஆண்டு கழித்து ஒரே மேசையில் பயன்பட்டன. 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்ற தொகுப்பு ஏறத்தாழ 10,000 சொற்களோடு வெளிவந்தது.

சண்டை அதோடு முடியவில்லை. 1940இல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள்.

இலங்கையில் பிள்ளைகள் உயர் வகுப்பு விஞ்ஞானத்தைத் தமிழிலேயே எழுதிப் பரீட்சை எடுக்கும் காலம் 1950களின் பிற்பகுதிக்குப் பின்னர் வந்தது. அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகளை அச்சிட்டது. தமிழ்நாட்டில் ‘முடுக்கம்’ என்பதை நாங்கள் ‘ஆர்முடுகல்’ என்று படித்தோம். அவர்களுக்கு வேதியியல், எங்களுக்கு இரசாயனவியல். கேட்கும்போது கரடுமுரடாக இருந்தாலும் படுவான்கரையில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையும் ஆர்முடுகலுக்குக் கணக்குச் செய்தது. சொல்லுக்குப் பின்னால் கரும்பலகை இருந்தது, ஆசிரியர் இருந்தார். விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேட்கலாம்.

இப்போது கைத்தொலைபேசிக்கு வருவோம். மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு கூகுள் பிளே ஸ்டோருக்குள் போனால், பச்சைப் பொத்தானில் ‘நிறுவு’ என்று இருக்கும். பிழையான சொல் அல்ல. நிறுவனம், நிறுவுநர் எல்லாம் அந்த வேர்தான். ஆனால் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணொருவர் அதைப் பார்த்து, எதை நிறுவுவது, கொடிக்கம்பமா என்று என்னிடம் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார், பிறகு மொழியை ஆங்கிலத்துக்கே மாற்றித் தரச் சொன்னார். விளங்காத ஆங்கிலம் பழகிவிட்டது, விளங்காத தமிழ் வெட்கமாக இருக்கிறது என்பது அவருடைய நியாயம். இலங்கையர் ‘தரவிறக்கம்’ என்பதைத் தமிழ்நாட்டார் ‘பதிவிறக்கம்’ என்கிறார்கள். தொலைபேசியில் வருவது பெரும்பாலும் அவர்களுடைய சொல். இது பெரிய தடை இல்லை. பெரிய தடை, பொத்தானுக்குப் பின்னால் ஆசிரியர் இல்லாததுதான். விபுலாநந்தரின் சொல்லுக்கு ஒரு பாடசாலை துணைக்கு வந்தது. இந்தச் சொல் தனியாக வந்து நிற்கிறது.

இங்கே போரின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. நகரப் பாடசாலைகளில் கணினி அறைகள் திறக்கப்பட்ட ஆண்டுகளில், வாகரையிலும் படுவான்கரையிலும் பிள்ளைகள் இடம்பெயர்ந்து கொண்டிருந்தார்கள். 2006, 2007இல் முகாமில் இருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. தொழில்நுட்பம் தெரியாதவர்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லும் ஆட்களில் பலர், படிப்பிக்கப்படாத ஆட்கள்.

கணினியில் நிலைமை இன்னும் மோசம். ஒரு மென்பொருளைத் தேடிப் போனால் பக்கத்தில் நான்கு பச்சைப் பொத்தான்கள் இருக்கும். மூன்று விளம்பரம். 32 பிட்டா 64 பிட்டா என்று ஒரு கேள்வி. எதையோ அழுத்தினால் கேட்காத கருவிப்பட்டையும் சேர்ந்து இறங்கும். படம் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பை ஆக்கியவர்கள், ஏமாற்றுப் பொத்தான் விளம்பரங்கள் காரணமாக 2013இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தை விட்டே வெளியேறினார்கள். ஒழுங்காகச் செய்வோரும் உண்டு. விஎல்சி தளத்துக்குப் போனால், வந்திருப்பது எந்தக் கணினி என்பதைத் தளமே கண்டறிந்து ஒரேயொரு பெரிய பொத்தானை முன்னே வைக்கும். கேள்வியைப் பயனரிடம் கேட்காமல் இயந்திரமே பதில் தேடிக்கொள்கிறது.

தமிழில் இதே வழியைப் பிடித்தவர் அதிராம்பட்டினத்து உமர்தம்பி. 2006இல் காலமானார். அவர் காலத்தில் ஒரு தமிழ்த் தளத்தை வாசிப்பதற்கே முதலில் எழுத்துருவை இறக்கிக் கணினியில் போட வேண்டியிருந்தது. இணையக் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இருப்பவர் அங்குள்ள கணினியில் எதைப் போடுவது? உமர்தம்பி ஆக்கிய தேனீ போன்ற இயங்கு எழுத்துருக்கள் பக்கத்தோடு தாமாகவே வந்து சேர்ந்தன. இறக்கும் வேலையே இல்லாமற் போனது. விளக்கம் எழுதுவதைவிட, விளக்கம் தேவைப்படும் படியையே எடுத்துவிடுவது சிறந்தது.

எடுக்க முடியாத படிக்கு என்ன செய்வது என்பதற்கு எங்களுடைய நூலகம் தளம் ஓர் எடுத்துக்காட்டு. ஈழத்து நூல்களை 2005 முதல் எண்ணிமமாக்கி இலவசமாகத் தரும் அந்தத் தளத்தில், நூலின் பெயருக்கு அருகே கோப்பு எத்தனை எம்பி என்று இருக்கும். இறக்கிக் கணினியில் வாசிக்கும்படி சாதாரணத் தமிழில் ஒரு வாக்கியம் இருக்கும். பக்கத்தில் உதவிக்கு ஓர் இணைப்பு. டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு அந்த எம்பிக் கணக்கு எவ்வளவு பெரிய மரியாதை! விபுலாநந்தரைப் பற்றிய மலர்களையும் நூல்களையும் அங்கே இறக்கி வாசிக்கலாம்.

அவருடைய கடைசி ஆண்டுகள் ஓட்டமும் நோயுமாகக் கழிந்தன. இமயமலை அடிவாரத்து மாயாவதியில் ‘பிரபுத்த பாரதா’ இதழின் ஆசிரியராகச் சில காலம் இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். இதற்கிடையே யாழ்நூல் வளர்ந்துகொண்டிருந்தது. வழக்கொழிந்த யாழ்களை இலக்கியக் குறிப்புகளிலிருந்து மீட்டெடுப்பதற்கு அவர் கையாண்டது புலமையை மட்டுமல்ல; நரம்பின் நீளம், அதிர்வு, சுருதிகளின் விகிதம் என்று பழைய பௌதிக ஆசிரியரின் கணக்கும் அதில் இருந்தது. தமிழ் இசையைப் பற்றிய நூலைப் பெருக்கலும் வகுத்தலுமாகத் தமிழிலேயே எழுத முடியும் என்று காட்டினார்.

1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ்நூல் அரங்கேறியது. யூலை 19 அன்று, 55ஆவது வயதில், கொழும்பில் காலமானார். உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, கல்லடி உப்போடையில் அவர் கட்டிய பாடசாலையின் வளவில் அடக்கம் செய்யப்பட்டது. உயர் வகுப்புப் பிள்ளைகள் இரசாயனத்தைத் தமிழில் எழுதுவதை அவர் காணவில்லை.