வீட்டைக் காக்க உருகும் கம்பி

ஓடும் ரயிலில் ஒரு பெட்டி தீப்பிடித்தது. பத்திரிகை விற்கும் சிறுவன் ஒருவன், பெட்டியின் மூலையில் ரசாயனப் புட்டிகளை அடுக்கி ஆராய்ச்சி செய்துவந்தான். வண்டி குலுங்கியதில் பாஸ்பரஸ் துண்டு கீழே விழுந்து எரிந்தது. அடுத்த ஸ்டேஷனில் கார்டு பையனையும் புட்டிகளையும் வெளியே தள்ளினார்.

அந்தச் சிறுவன்தான் தாமஸ் ஆல்வா எடிசன். 1847-ல் அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்தின் மிலன் என்ற ஊரில் பிறந்தவர்.

1879-ல் நீடித்து எரியும் மின்சார பல்பை அவர் செய்து காட்டினார். உலகம் மூக்கில் விரலை வைத்தது. பல்பு எரிந்தால் போதுமா? வீடு எரியாமல் இருக்க வேண்டாமா?

பல்பின் மெல்லிய இழை, மின்சாரத்தை அளவாகத்தான் போகவிடும். போகும் கம்பியும் வரும் கம்பியும் நேரே தொட்டுக்கொண்டால் தடுக்க ஆளில்லை. மடை உடைந்த வெள்ளம்போல, டைனமோவின் பலம் முழுவதும் அங்கே பாயும். டைனமோ எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வெள்ளம். கம்பி பழுக்கக் காயும். பக்கத்திலுள்ள துணியும் மரமும் பற்றிக்கொள்ளும்.

நியூயார்க் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் மாளிகையில் இப்படித்தான் ஆயிற்று. படங்கள் மாட்டிய பெரிய கூடம். சுவரெல்லாம் சரிகை இழை ஓடிய துணி. விளக்கேற்றிய சிறிது நேரத்தில் மின்கம்பி சரிகையில் பட்டது. இழைகள் சிவந்தன, துணி கனன்றது. அங்கிருந்த எடிசன், ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். தீ அடங்கியது. வீட்டு அம்மாள் அடங்கவில்லை! நிலவறையில் கொதிகலன் இருப்பது தெரிந்ததும், அதன்மேல் குடியிருக்க மாட்டேன் என்றுவிட்டார். எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப்போக வேண்டியதாயிற்று.

இந்த ஆபத்துக்கு எடிசன் சொன்ன மருந்து மிகச் சிறியது. மின்சாரம் போகும் வழியில் சீக்கிரம் உருகும் மெல்லிய கம்பித் துண்டு ஒன்று. அளவு மீறினால் முதலில் அது உருகி அறுந்துவிடும். வீட்டுக் கம்பி பழுக்குமுன் வழி அடைபடும். 1880 மே 4-ந் தேதி இதற்குக் காப்புரிமை பெற்றார். உருகிய சொட்டுகள் கம்பளத்திலும் நாற்காலியிலும் விழக்கூடாதே என்று, அந்தத் துண்டுக்கு ஓர் உறையும் போட்டார். அவ்வளவு முன்யோசனை!

மெல்லிய கம்பி வைத்துத் தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்கும் யோசனை ஐரோப்பாவில் முன்பே உண்டு. எடிசன் அதை வீட்டு விளக்குக்குக் கொண்டுவந்தார். அதுதான் பியூஸ். இன்று பல வீடுகளில், தானே விழும் சுவிட்சு அந்த வேலையைச் செய்கிறது.

1882 செப்டம்பர் 4, பிற்பகல் 3 மணி. நியூயார்க் பியர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. முதல் நாள் சுமார் 400 விளக்குகள் எரிந்தன. டைனமோ ஒன்றின் எடை மட்டும் 27 டன்!

1890 ஜனவரி 2-ந் தேதி அந்த நிலையமே தீக்கு இரையாயிற்று. ஒரே ஒரு டைனமோ தப்பியது. எடிசன் 1931 அக்டோபர் 18-ல், தமது 84-வது வயதில் காலமானார். தப்பிய டைனமோ, மிச்சிகனில் ஹென்றி போர்டு அமைத்த காட்சிசாலையில் இருக்கிறது.