பிறர்மனையில் ஆளானவர்: றொபேட் நொக்ஸ்

கண்டி மாநகருக்குச் சில மைல் தொலைவில், உடுநுவரப் பகுதியில், எலதெத்த என்னும் சிற்றூர் உளது. ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வூரிலே ஆங்கிலேயர் ஒருவர் நிலம் வாங்கி, மனை அமைத்து, தொப்பி பின்னியும் நெல்லைக் கடனாகக் கொடுத்தும் வாழ்ந்து வந்தார். இலங்கை வரலாறு பயின்ற மாணவர் அனைவரும் றொபேட் நொக்ஸ் என்னும் அவரது பெயரை அறிவர். ஆயின், தாய் தந்தையரை இழந்து, பிறர் இட்ட சோற்றை உண்டு, பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்த ஓர் இளைஞர் எவ்வாறு தம் காலில் தாமே நிற்கும் ஆடவராயினார் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வரலாறு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்படுவதாம்.

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தையார் கப்பற்றலைவர்; அவர் பெயரும் றொபேட் என்பதே. தாயார் 1656இல் இறந்தார். 1658இல் தந்தையும் மகனும் 'ஆன்' என்னும் கப்பலில் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டனர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே வீசிய பெரும் புயலிலே கப்பலின் பாய்மரம் இழக்கப்பட்டது. அதனைச் செப்பனிடும் பொருட்டுக் கப்பல் திருக்கோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவை அடைந்தது. அங்கே, 1660இல், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தலைவரையும் மகனையும் உள்ளிட்ட பதினறுவரைப் பிடித்தனர்.

அவ்வேளையில் நிகழ்ந்த ஒரு செயல் நொக்ஸின் இயல்பை நன்கு புலப்படுத்தும். தந்தையின் செய்தியைக் கப்பலிலிருந்தோர்க்கு எடுத்துச் செல்லும்படி அவர் அனுப்பப்பட்டார். கப்பலில் ஏறியபின் அங்கேயே தங்கிவிட அவரைத் தடுப்பார் எவருமிலர். எனினும், மீண்டு வருவதாகத் தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காத்துக் கரை திரும்பினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

மன்னன் அவர்களைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. ஊர்தோறும் பிரித்து அனுப்பி, ஊரார் முறைவைத்து உணவளிக்குமாறு பணித்தான். கண்டிக்கு வடக்கே ஏறத்தாழ முப்பது மைல் தொலைவிலுள்ள பண்டார கொஸ்வத்த என்னும் ஊரிலே தந்தையும் மகனும் தங்கினர். காய்ச்சல் இருவரையும் வாட்டியது. 1661 பெப்ரவரி 9ஆம் நாள் தந்தையார் உயிர் நீத்தார். ஏவற் சிறுவன் ஒருவனையன்றி அருகில் எவருமில்லை. அந்நிலையில் கூலியாள் ஒருவனைத் துணைக்கொண்டு இருபது வயது மகன் தந்தையை அடக்கஞ் செய்தார்.

உணவு தடையின்றி வந்தது, கூரையும் இருந்தது. ஆயினும் ஊரார் இடும் சோற்றை உண்டு காலங்கழிப்பது வாழ்வாகாது என்பதை நொக்ஸ் உணர்ந்தார். கைதியர் தொப்பி பின்னக் கற்றனர்; அவரும் கற்றார். ஒருநாள் அவர் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கையில் முதியவர் ஒருவர் ஆங்கில விவிலிய நூலொன்றைக் கொணர்ந்தார். தம்மிடமிருந்த பணம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட நொக்ஸ் எண்ணினார். உடனிருந்த ஏவற் சிறுவனோ அவசரப்படலாகாதெனத் தடுத்தான். முடிவில் ஒரு பின்னல் தொப்பிக்கே அந்நூல் கைவந்தது. கைத்தொழிலின் மதிப்பையும் பேரம் பேசும் அறிவையும் ஒருங்கே அந்நாள் அவருக்குக் கற்பித்தது எனலாம்.

தொப்பி விற்ற பொருளைக்கொண்டு கோழியும் பன்றியும் ஆடும் வளர்த்தார். நாட்டு வழக்கப்படி நெல்லைக் கடனாகக் கொடுத்தார். அதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வீதம் வட்டி கிடைத்தது. பல ஊர்களுக்கு மாற்றப்பட்டபின், எலதெத்தவில் 25 இலாரின் வெள்ளிக் காசுக்கு ஒரு நிலத்தை வாங்கினார். அந்நாளில் அது பெருந்தொகை. ஊரார் தயவில் வாழ்ந்தவர் ஒரு காணிக்கு உரியவரானார். ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழர் அவருடன் நிலைத்து நின்றார்.

பின்னர் இருவரும் சில்லறைப் பண்டங்களைச் சுமந்து வடதிசை ஊர்களில் வணிகஞ் செய்தனர். ஆண்டுக்கணக்காகச் சென்று மீண்டதால் வழிகளும் காவல்களும் அவர்களுக்குப் பழக்கமாயின. 1679 செப்டெம்பரில் எலதெத்தவிலிருந்து புறப்பட்டு, அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக் காட்டினூடே நடந்தனர். தமிழர் வாழும் வன்னிப் புறத்தைத் தாண்டி, ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். 1680இல் நொக்ஸ் இலண்டன் சேர்ந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவரது நூல், கண்டி இராச்சியத்து மக்களின் வாழ்வையும் தொழிலையும் உலகுக்கு அறிவித்தது. அவர் 1720இல் காலமானார்.

அவர் வாழ்வில் மறைத்தற்கரிய ஒரு மாசும் உண்டு. சிறைப்பட்டோர் துயரைத் தாமே நுகர்ந்தவர், பிற்காலத்தில் கப்பற்றலைவராகி, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கும் வணிகத்தில் ஈடுபட்டார். துன்பம் பட்டோர் எல்லாரும் பிறர் துன்பம் அறிவர் எனக் கூறுதற்கில்லை.

எனினும், எலதெத்தவை அவர் மறந்தாரல்லர். அங்கே லூசியா என்னும் சிறுமியை அவர் வளர்த்து வந்தார். அவள் ஆங்கிலக் கைதி ஒருவருக்கும் இந்நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்தவள். தாயகம் மீண்டபின் இங்கிருந்த தோழருக்கு எழுதிய மடலில், தம் வீட்டையும் நிலத்தையும் அவளுக்கே உரிமையாக்கினார். ஆதரவற்று நின்ற இளைஞருக்கு ஒரு காணி எத்துணை வலிமை தரும் என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்தவர், தாம் வளர்த்த பிள்ளைக்கு அதனையே ஈந்தார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பிறர்மனையில் வளரும் பிள்ளைக்கு உணவும் உறையுளும் வேண்டும். ஆனால் அவை மட்டும் போதா. கைக்கு ஒரு தொழில், தனக்கென ஒரு பொருள், இடர் வரின் துணைநிற்கும் ஒருவர், வெளியுலகின் வழிகளை நடந்து அறியும் வாய்ப்பு ஆகிய நான்கும் வேண்டும். நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் வளர்வோர் பதினெட்டு வயதில் அவ்வில்லங்களை விட்டு நீங்க வேண்டியவராகின்றனர். பெற்றோருள்ள பிள்ளை அவ்வயதில் தவறினால் வீடு திரும்பலாம், அவர்க்கு அவ்வாய்ப்பில்லை. நொக்ஸுக்கு வழிகளை அறியப் பல ஆண்டுகள் கிடைத்தன. இவர்களுக்கோ ஒரு பிறந்தநாளே எல்லையாகின்றது.

ஆகவே ஆயத்தம் பதினெட்டாம் வயதில் அன்று, பதினான்கிலும் பதினைந்திலும் தொடங்க வேண்டும். சமையல், வரவு செலவுக் கணக்கு, வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, தொழிற்பயிற்சி என்பன சிறியனவாகத் தோன்றும். நொக்ஸின் தொப்பியும் சிறியதே. பழைய மாணவருள் வணிகர் உளர், பொறியியலாளர் உளர், ஆசிரியர் உளர். ஒவ்வொருவரும் ஓர் இளைஞருக்குத் தொழில் பழக்கி, அவர் வெளியேறிய பின்னரும் நலம் உசாவி ஒரு மடல் எழுதுவாராயின், யூபிலி விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.