மீண்டும் மாணவரானவர்

நம் தீவகம் ஈன்ற நன்மக்களுள் தனிநாயகம் அடிகளாரை அறியாதார் இலர். 1913ஆம் ஆண்டிற் கரம்பொன்னிற் பிறந்த அன்னார், உரோமாபுரியிற் சமயக் கல்வி முற்றிக் கலாநிதிப் பட்டமும் குருத்துவமும் பெற்றவர். ஐரோப்பிய மொழிகள் பல வல்லவர். ஆயினும், 1940ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பாடசாலையில் ஆசிரியப் பணி ஏற்றபோது, தாய்மொழிப் புலமையில் தமக்கிருந்த குறையை உணர்ந்தார்.

குறையை மறைத்தல் எளிது. பட்டமே அதற்குத் திரையாகும். அடிகளாரோ பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரை அடுத்துப் பாடங் கேட்டார். கற்பித்தவர் ஐயர், கற்றவர் கத்தோலிக்கக் குரு, தமிழ் இருவர்க்கும் பொது. அவ்வளவில் அமையாது, 1945ஆம் ஆண்டில், தம் 32ஆம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, தம்மின் இளையாரோடு ஒக்க அமர்ந்து தமிழ் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சங்கச் செய்யுளில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து, மற்றுமொரு பட்டமும் எய்தினார்.

அக்கல்வியாற் பயன் யாதெனின், அவர்தம் பிற்கால வாழ்வே விடையாகும். தமிழின் பெருமையைப் பிறநாட்டார்க்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்த காலாண்டிதழும், 1964இற் புதுடில்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றமும், 1966இற் கோலாலம்பூரிற் கூடிய முதல் மாநாடும் அவ்வித்தின் விளைவுகளே. 1980இல் அடிகளார் மறைந்தார்.

மாணவர்காள்! மேற்படிப்பிற்குத் தமிழைக் கொள்வதோ விடுவதோ என மயங்குங்கால், ஊதியம் யாதென வீட்டார் வினவுதல் முறையே. யான் இன்னும் அறியாதது யாது என்பதனையும் நும்மை நீவிரே வினவுமின். அடிகளார் தெளிவுபெற்றது அவ்வினாவினாலேயாம்.