தம் தீர்ப்பைத் தாமே திருத்திய இமாம்

சட்டமேதை இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-இல் (கி.பி. 767) பாலஸ்தீனத்தின் காஸா நகரில் பிறந்தார்கள். இளமையிலேயே தந்தையை இழந்த அவர்களை அன்னையார் மக்காவுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார்கள். சிறுவயதிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்த அவர்கள், பின்னர் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள்.

ஹிஜ்ரி 195-இல் பக்தாத் வந்தார்கள். அங்கே ‘அல்ஹுஜ்ஜா’ என்னும் நூலை இயற்றினார்கள். அஹ்மத் இப்னு ஹன்பல், அபூஸவ்ர், ஸஃபரானீ, கராபீஸீ (ரஹ்) ஆகியோர் அவர்களின் தீர்ப்புகளைக் கேட்டு அறிவித்தனர்.

ஹிஜ்ரி 199-இல் இமாமவர்கள் எகிப்து சென்றபோது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது; பெயரும் நிலைபெற்றிருந்தது. அந்நிலையில், தாம் முன்னர் வழங்கிய தீர்ப்புகளை மீண்டும் ஆதாரங்களோடு வைத்து ஆராய்ந்தார்கள். பலவற்றில் தம் முடிவு மாறவேண்டியதே எனக் கண்டார்கள்.

பழைய தீர்ப்புகளோ பக்தாதில் பரவிவிட்டன. அவற்றைத் திரும்பப் பெற இயலாது. மௌனமாக இருந்திருந்தால் இமாமவர்களின் கண்ணியத்திற்கு ஊறு நேர்ந்திராது. ஆயினும் அத்தீர்ப்பை நம்பித் தொழுபவரின் நிலை என்ன? கொடுக்கல் வாங்கல் செய்பவரின் நிலை என்ன? அந்தப் பொறுப்பை அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை. பழையவற்றிலிருந்து மீண்டதை வெளிப்படையாக அறிவித்து, நூல்களைப் புதிதாக ஆக்கி, புவைத்தீ, முஸனீ, ரபீஃ (ரஹ்) ஆகிய மாணவர்களுக்குப் போதித்தார்கள். முந்தியவை ‘கதீம்’ என்றும், பிந்தியவை ‘ஜதீத்’ என்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் இன்றும் பயிலப்படுகின்றன.

தம் புதிய தீர்ப்பும் பிழைக்கு அப்பாற்பட்டதென அவர்கள் கருதவில்லை. தம் சொல் ஸஹீஹான ஹதீஸுக்கு முரண்பட்டால் ஹதீஸையே பின்பற்றுமாறு பணித்தார்கள். மஃரிபின் நேரம் உளூ, பாங்கு, ஐந்து ரக்அத் தொழுகை ஆகியவற்றுக்குப் போதுமான அளவே என்பது புதிய தீர்ப்பு. செவ்வானம் மறையும்வரை உண்டு என்பது பழையது. ஹதீஸ் ஆதாரம் பழையதற்கே துணைநிற்பதால், ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அதனையே வலுவானதெனக் கொண்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் ஷாபிஈ மக்களுக்கும் அதுவே சட்டம்.

ஹிஜ்ரி 204, ரஜப் மாதத்தில் இமாமவர்கள் எகிப்திலேயே மறைந்தார்கள். திருத்திக்கொண்டதால் அவர்களின் மதிப்பு குன்றவில்லை. அவர்கள் சொல்லின்மீது நம்பிக்கையே வளர்ந்தது. ஆலிமாயினும், மருத்துவராயினும், கணக்கராயினும், தம் பழைய பிழை ஒருநாள் எதிரே வந்து நிற்கும்போது அதை மூடி மறைப்பவர் தம்மை நம்பியவருக்கு இரண்டாம் முறையும் தீங்கிழைக்கிறார். முன்வந்து திருத்துபவரோ அமானிதத்தைக் காத்தவராகிறார்.