எருமைத் திருட்டும் ஆம்ஸ்டர்டாம் காபியும்: யார் இந்த முல்டாட்டூலி?

ஐரோப்பியக் கடைகளில் சில காபி பாக்கெட்டுகள் மீது 'மேக்ஸ் ஹேவலார்' என்ற முத்திரை இருக்கும். விவசாயிக்கு நியாய விலை கொடுத்து வாங்கிய காபி என்று அர்த்தம். 1988-ல் நெதர்லாந்தில் தொடங்கிய அந்த முத்திரையின் பெயர், 1860-ல் வெளியான ஒரு நாவலின் கதாநாயகனுடையது. எழுதியவர் எட்வர்ட் டவ்வெஸ் டெக்கர். புனைபெயர் முல்டாட்டூலி, லத்தீனில் 'நிறையப் பட்டுவிட்டேன்' என்று பொருள்.

பட்டவர்தான். 1820-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, 18 வயதில் கப்பலேறி, இன்றைய இந்தோனேசியாவில் டச்சு அரசு வேலையில் சேர்ந்தார். சுமத்ராவில் கணக்கில் பணம் குறைந்து சஸ்பெண்டும் ஆனார்.

அப்போது ஜாவாவில் என்ன நடந்தது? 1830 முதல், ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் காபி, கரும்பு, அவுரி என்று அரசு கேட்கும் பயிரை விளைவித்துக் கொடுக்க வேண்டும். இது காகிதக் கணக்கு. பல இடங்களில் பிடுங்கியது அதைவிட அதிகம். விளைச்சலில் டச்சு அதிகாரிகளுக்கும் உள்ளூர்த் தலைவர்களுக்கும் கமிஷன் உண்டு. அந்த லாபத்தில்தான் நெதர்லாந்து கடனை அடைத்தது, ரயில் பாதை போட்டது. 1863-ல் சுரினாமில் அடிமை முறையை ஒழித்தபோது முதலாளிகளுக்கு இழப்பீடு கொடுத்ததும் ஜாவா பணத்தை வைத்துத்தான்!

1856 ஜனவரியில் மேற்கு ஜாவாவின் லெபாக்குக்கு டெக்கர் மாற்றலாகி வந்தார. அங்கே உள்ளூர்த் தலைவர் ஜனங்களின் எருமைகளைப் பிடுங்குகிறார், கூலி இல்லாமல் வேலை வாங்குகிறார் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வந்து சில வாரங்களே ஆகியிருந்தன; விசாரணை முடியும்வரை தலைவரை ஊரைவிட்டு அனுப்புங்கள் என்றும் கேட்டார். அவசரம்தான். கண்டிப்பும் இடமாற்றமும் வந்தன. வேலையை உதறிவிட்டார்.

1859-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரு மலிவான விடுதியில், கையில் காசில்லாமல், சில வாரங்களில் 'மேக்ஸ் ஹேவலார்' நாவலை எழுதி முடித்தார். தான் எழுதிய அரசுக் கடிதங்களையும் உள்ளே சேர்த்தார். ஆனால் கதையைத் தொடங்குவது யார் தெரியுமா? ஆம்ஸ்டர்டாமின் ஒரு கஞ்சக் காபித் தரகர். இங்கேதான் நாவலின் வேலை. லெபாக் புகாரில் காபியே கிடையாது, எருமையும் கூலியில்லா உழைப்பும்தான். வெறும் கோப்பைப் படித்தால் ஏதோ ஒரு மாவட்டத் தகராறு. ஜாவா விவசாயியின் தொழுவத்தையும் டச்சுக்காரரின் காபி ஏலத்தையும் ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவந்தது கதைதான்.

புத்தகம் பெரும் பரபரப்பைக் கிளப்பியது. அவருக்குத்தான் லாபமில்லை. உரிமையை வாங்கிய எழுத்தாளர் வான் லென்னெப், ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தார், விலையையும் ஏற்றினார். டெக்கர் வழக்குப் போட்டும் தோற்றார்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. சூதாடியவர், மனைவி டீனாவை வறுமையில் தவிக்கவிட்டவர். காலனி ஆட்சியே கூடாது என்று சொன்னவரும் இல்லை, அது நியாயமாக நடக்கட்டும் என்றவர். காபியில் கட்டாயம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது.

ஊர்ப் பெயர்களை 1875 பதிப்பில் அவரே திரும்பச் சேர்த்தார். 1887-ல் ஜெர்மனியில் இறந்தார். லெபாக்கின் தலைநகர் ரங்காஸ்பிதுங்கில் 2018-ல் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.