எலித் தொல்லையில் தொடங்கிய பிரசவ ஆராய்ச்சி... ரிலாக்சினைக் கண்டுபிடித்த ஹைசா யார்?

சாதாரணமா மூக்கு நுனி மாதிரி கெட்டியா இருக்கும் கர்ப்பப்பை வாய், கர்ப்ப காலத்தில் உதடு மாதிரி மிருதுவாகிறது. பிரசவத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் வரை விரிகிறது. இதை யார் இயக்குறாங்க? ஹார்மோன்கள்தான். அந்தத் தேடலில் மறக்கக்கூடாத பெயர், ஃபிரெடரிக் லீ ஹைசா.

1891-ல் அமெரிக்காவின் மிசௌரியில் பிறந்தவர். கான்சாஸில் வேலை பார்த்தபோது, வயல்களை நாசம் செய்யும் கோஃபர் என்ற வளை எலியை ஆராய்ந்தார். ஒரு விஷயம் அவருக்குப் புதிராக இருந்தது. இவ்வளவு குறுகலான இடுப்பு வழியா குட்டி எப்படி வெளியே வருது? பெண் கோஃபர் பருவமடையும்போது இடுப்பெலும்பின் முன்பகுதியே கரைந்துபோவதைக் கவனித்தார். காரணம் சினைப்பை ஹார்மோன் என்று காட்டினார்.

அடுத்து கினிப்பன்றிகள். கர்ப்பமான விலங்கின் ரத்தச் சீரத்தைக் கர்ப்பமாகாத கினிப்பன்றிக்குச் செலுத்தினார். சில மணி நேரத்திலேயே இடுப்பெலும்பை இணைக்கும் தசைநார் தளர்ந்தது. 1926-ல் வெளியான இந்த முடிவுதான் திருப்புமுனை. விஸ்கான்சினில் சக ஆய்வாளர்களுடன் அந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்து, 1930-ல் 'ரிலாக்சின்' என்று பெயர் வைத்தார்.

ஆனா எல்லோரும் உடனே ஏத்துக்கல. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் செய்யும் வேலைதானே இது, தனி ஹார்மோன் எதுக்கு என்று கேட்டார்கள். 1935-ல் ஹார்வர்டுக்குப் போன ஹைசா ஆய்வைத் தொடர்ந்தார். 1972-ல் காலமானார். ரிலாக்சின் இன்சுலினைப் போன்ற அமைப்புடைய தனி ஹார்மோன் என்று உறுதியானது அதற்குப் பிறகுதான். அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, கர்ப்பப்பை வாயில் என்ன நடக்குது? அதில் பெரும்பகுதி தசை அல்ல, கொலாஜன் நார்கள் நிறைந்த இணைப்புத் திசு. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் அதை மூடியே வைத்திருக்க உதவுகிறது. பிரசவம் நெருங்கும்போது அதன் பிடி தளர்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஸ்டாகிளாண்டின் போன்றவற்றின் கை ஓங்குகிறது. நார்க்கற்றைகள் பிரிந்து, திசுவில் நீர் கூடி, வாய் நெகிழ்கிறது. எலி, பன்றியில் இந்த வேலையில் ரிலாக்சினுக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதர்களில் அதை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் எதிர்பார்த்த பலன் தரவில்லை.

இந்த நெகிழ்வு சீக்கிரமே வந்தால் குறைமாதப் பிரசவம், வராமலே போனால் பிரசவம் சிக்கல். அதனால்தான் கர்ப்பப்பை வாய் முன்கூட்டியே சுருங்கிக் குட்டையானவர்களுக்கு மருத்துவர்கள் புரோஜெஸ்டிரோன் தருகிறார்கள். வலி வரவைக்கப் புரோஸ்டாகிளாண்டின் ஜெல் வைக்கிறார்கள். ஒரு திசுவை ஹார்மோன் இளக்க முடியும் என்பதை ஹைசா அன்று எலி வளையில் பார்த்தார். இன்று பிரசவ வார்டு அந்த உண்மையை நம்பித்தான் இயங்குகிறது.