மலிவு ரயில் செய்த கோடீசுவரர்

உலகத்திலேயே பெரிய பொம்மை வியாபாரி என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியவர் லூயி மார்க்ஸ். அமெரிக்காக்காரர். பொம்மை ராஜா என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டின.

மார்க்ஸ் என்றதும் பொதுவுடைமைத் தத்துவம் வகுத்த காரல் மார்க்ஸ் நினைவுக்கு வரலாம். இவர் வேறு. இவர் முதலாளி. சாதாரண முதலாளி அல்ல, பல நாடுகளில் தொழிற்சாலை வைத்திருந்த முதலாளி!

பொம்மைக் கார், பொம்மைச் சிப்பாய், தாவும் குரங்கு, யோ-யோ என்று அவர் செய்யாத பொம்மையே இல்லை எனலாம். ஆனால் அவர் பெயரை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு சின்னஞ்சிறு தகரப் பெட்டி. 6 அங்குல நீளம். கீழே 4 சக்கரம். அதுதான் மார்க்ஸ் கம்பெனியின் கூட்ஸ் வண்டி. ஏழைக் குழந்தைகளுக்காகச் செய்த மலிவுச் சரக்கு.

மலிவு என்றால் மட்டம் என்று நினைப்பது உலக வழக்கம். அப்படித்தான் இருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியோடு அவர் 50 ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கு நின்றார்.

வேலை போயிற்று

லூயி மார்க்ஸ் 1896-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். வீட்டில் பேச்செல்லாம் ஜெர்மன் மொழியில்தான். பையன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் ஆங்கிலம் பழகினான். ஆனால் படிப்பில் சுட்டி. 15 வயதிலேயே உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்டான்.

அப்போது பெர்டினாண்டு ஸ்டிராஸ் என்பவர் சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மைகளைச் செய்து வந்தார். அவரிடம் மார்க்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். மளமளவென்று முன்னேறினார். 20 வயதில் ஒரு தொழிற்சாலையையே நிர்வகிக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது!

ஸ்டிராஸ் கம்பெனி பொம்மை செய்ததோடு, சொந்தக் கடைகளும் வைத்து விற்றது. கடைகளை மூடிவிட்டு, ஏராளமாகச் செய்து குறைந்த விலைக்குத் தள்ளலாம் என்பது மார்க்சின் யோசனை. நிர்வாகிகள் ஏற்கவில்லை. வாதம் முற்றியது. மார்க்ஸ் வெளியேற வேண்டியதாயிற்று.

1917-ம் ஆண்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. மார்க்ஸ் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, சார்ஜெண்டு வரை உயர்ந்தார். போர் முடிந்து ஊர் திரும்பியதும், தம்பி டேவிட்டைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு 1919-ம் ஆண்டு சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

தொழிற்சாலை கிடையாது. இயந்திரமும் கிடையாது. பிறர் செய்யும் பொம்மையை வாங்கி மேஜைமேல் வைத்துப் பிரித்துப் பார்ப்பார். எந்த ஆணி வீண், எங்கே தகரம் கூடுதல், எந்த வேலையைச் சுருக்கலாம் என்று கணக்குப் போடுவார். பிறகு அதைக் குறைந்த செலவில் செய்விக்க ஏற்பாடு செய்து, கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்பார். அந்த மேஜைக் கணக்குத்தான் அவருடைய மூலதனம்.

பின்னர் பழைய முதலாளி ஸ்டிராசிடமிருந்தே, விற்பனை மங்கிப்போன சில பொம்மைகளின் அச்சுகளை விலைக்கு வாங்கினார். சிறு மாற்றம் செய்து சந்தைக்கு அனுப்பினார். செத்த சரக்கு என்று ஒதுக்கியவை உயிர் பெற்று ஓடின. 1922-ம் ஆண்டுக்குள் அண்ணன், தம்பி இருவரும் பத்து லட்சம் டாலருக்கு அதிபதிகள். அண்ணனுக்கு அப்போது வயது 26.

ஏமாற்று எங்கே நடக்கும்?

பொம்மை ரயில் மற்றப் பொம்மை போன்றது அல்ல. பந்து வாங்கினால் ஒரு பந்தோடு முடிந்தது. ரயில் அப்படி முடியாது. முதலில் ஒரு என்ஜின், வட்டமாகத் தண்டவாளம், மூன்று நான்கு பெட்டிகள். அடுத்த பிறந்த நாளுக்கு எண்ணெய் டேங்க் பெட்டி வேண்டும். அதற்கு அடுத்து நிலக்கரிப் பெட்டி. கடைசியில் கார்டு பெட்டி இல்லாவிட்டால் ரயிலே இல்லை என்று பையன் அழுவான்.

கடைக்காரர் ஓட்டிக் காட்டுவது என்ஜினை. வாங்க வருகிறவர் கண்ணும் என்ஜின் மேல்தான். ஆகவே செலவைக் குறைக்க நினைக்கும் கம்பெனி முதலில் கை வைப்பது கூட்ஸ் பெட்டியில்! சக்கரம் சரியான வட்டமாக இராது. அச்சாணி கோணலாக இருக்கும். பெட்டி நொண்டும். எடை போதாத பெட்டி வளைவில் குடை சாயும். கொக்கி தளர்ந்திருந்தால் ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெட்டிகள் பின்னால் அநாதையாக நிற்கும்.

விலை கொடுத்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1920-களிலும் 1930-களிலும் பல கம்பெனிகள் துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்துச் சக்கரங்களும் மற்றப் பாகங்களும் செய்தன. அந்தக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும். சில ஆண்டுகளில் உலோகம் உப்பும், வெடிக்கும், கடைசியில் மண்ணாங்கட்டி போல உதிரும். மிக உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய ரயில்களும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. பிறகுதான் சுத்தமான துத்தநாகம் வேண்டும் என்பதில் கண்டிப்பு வந்தது.

பஞ்ச காலத்தில் பிறந்த ரயில்

1929-ம் ஆண்டு அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகள் மூடின. தொழிற்சாலைகள் படுத்தன. கோடிக்கும் அதிகமானோர் வேலை இழந்து தெருவில் நின்றார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் பண்டிகை நின்றுவிடுமா? குழந்தை பொம்மை கேட்காமல் இருக்குமா?

பொம்மை ரயில் உலகில் அப்போது கொடிகட்டிப் பறந்தது லயனல் கம்பெனி. அழகான ரயில்கள். விலையும் அப்படியே. 1937-ம் ஆண்டு அந்தக் கம்பெனி வெளியிட்ட ஓர் உயர்தர என்ஜினுக்கு மட்டும் 75 டாலர் விலை. சாதாரணத் தொழிலாளிக்கு அது பல வாரக் கூலி.

மார்க்ஸ் குறி வைத்தது வேறு வீடுகளை. பென்சில்வேனியா மாநிலத்தில் ஜிரார்டு என்ற ஊரில் ஒரு கம்பெனி சிறிய தகர ரயில்களைச் செய்து வந்தது. அவற்றை மார்க்ஸ் விற்றுக் கொடுத்து வந்தார். அந்தக் கம்பெனி பஞ்சத்தில் நொடித்தது. 1930-களின் நடுவில் தொழிற்சாலை மார்க்ஸ் கைக்கு வந்தது.

அதே சமயம், 1934-ல், யூனியன் பசிபிக் ரயில்வே எம்-10000 என்ற புதுமையான, வழவழப்பான ரயிலை ஓட்டி நாட்டையே வியக்க வைத்தது. சூட்டோடு சூடாக மார்க்ஸ் அதைப் பொம்மையாக்கினார். அடுத்துக் கூட்ஸ் பெட்டிகள்.

குறைத்ததும் குறைக்காததும்

அவர் எதைக் குறைத்தார்? உண்மையான அமெரிக்கக் கூட்ஸ் பெட்டிக்கு 8 சக்கரம். மார்க்ஸ் பெட்டிக்கு 4 தான். இதனால் சக்கரமும் மிச்சம், திரும்பும் அடிச்சட்டமும் மிச்சம். நீளத்தை 6 அங்குலமாகச் சுருக்கினார். குட்டையான பெட்டி சிறிய வளைவிலும் தாராளமாகத் திரும்பும்.

ஏணி, ஆணி, கதவு எதையும் தனியாகச் செய்து ஒட்டவில்லை. தட்டையான தகரத்தின் மீது முதலிலேயே பல வர்ணத்தில் அச்சடித்துவிடுவார்கள். பலகைக் கோடு, ஆணித் தலை, கம்பெனிப் பெயர் எல்லாம் படமாகவே வந்துவிடும். பிறகு அச்சில் வைத்து அழுத்தி வளைப்பார்கள். திருகாணிக்கும் வேலை இல்லை. ஓரத்தில் சிறு நாக்குகள் இருக்கும். அவற்றை எதிர்த் தகட்டின் வெட்டில் நுழைத்து மடக்கினால் பெட்டி தயார்!

ஒரே அச்சுக்கு வெவ்வேறு படம் அடித்தால் வெவ்வேறு பெட்டி. ராக் ஐலண்டு ரயில்வேயின் திறந்த பெட்டி, சாண்டா பே எண்ணெய் டேங்க், நார்தன் பசிபிக் சரக்குப் பெட்டி, நியூயார்க் சென்டிரல் சிவப்புக் கார்டு பெட்டி எல்லாம் குழந்தைகள் உண்மையில் ஸ்டேஷனில் பார்த்த பெயர்கள்.

குறைக்காதது எது? தகரத்தின் அச்சு வேலை. வர்ணம் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. இன்னொன்று மோட்டார். பாகங்கள் சொற்பம். பழுதானால் பிரித்துப் பார்ப்பது கடினம், ஆனால் எளிதில் பழுதாகாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் 80 ஆண்டுக்குப் பின்னும் ஓடுகிற என்ஜின்கள் இருக்கின்றன. குறைந்த காசுக்கு நிறையப் பொம்மை தர வேண்டும், தரத்தில் மட்டும் பேரம் கிடையாது. இதுதான் கம்பெனியின் கொள்கை.

குறைகளும் இருந்தன. மார்க்ஸ் பெட்டியின் கொக்கி லயனல் பெட்டியில் மாட்டாது. அவருடைய பழைய என்ஜின்கள் பலவற்றின் பல்சக்கரம் பருத்தது. லயனல் பாயிண்ட் மேல் ஏறினால் இடித்து நிற்கும். ஆகவே மார்க்ஸ் ரயில் வாங்கிய வீட்டில் அடுத்த பெட்டியும் மார்க்ஸ் பெட்டிதான். அது வியாபாரத் தந்திரமும்கூட!

அசலைப் போலவே சிறு மாதிரி வேண்டும் என்று அளவு நாடாவோடு அலைந்த பெரியவர்களுக்கு இந்தக் குட்டைப் பெட்டிகளைப் பார்த்தால் சிரிப்பு. அவர்களையும் மார்க்ஸ் விடவில்லை. நீளமான, 8 சக்கரம் உள்ள, அளவு பிசகாத தகரப் பெட்டிகளையும் செய்தார். விலை கொஞ்சம் கூடுதல்.

விளம்பரம் செய்யாத ராஜா

மார்க்ஸ் விளம்பரத்துக்குப் பணம் செலவழிப்பதே இல்லை எனலாம். 1955-ம் ஆண்டு அவருடைய விற்பனை 5 கோடி டாலர். அந்த ஆண்டு விளம்பரச் செலவு வெறும் 312 டாலர்! சியர்ஸ் போன்ற பெரிய தபால் வியாபாரக் கம்பெனிகளும், மலிவுச் சாமான் விற்கும் உல்வொர்த் கடைகளும் அவர் சரக்கை மொத்தமாக வாங்கிக்கொண்டன. அவர்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: என்ன விலை, திரும்பி வருமா? திரும்பி வந்த பொம்மை கடைக்காரருக்கு நஷ்டம். மார்க்ஸ் இதை நன்றாக அறிந்திருந்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் டைம் பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சி நகரிலும் அவருக்குத் தொழிற்சாலை இருந்தது. ஜப்பானிலும் பொம்மை செய்வித்தார். ஐசனோவர் போன்ற பெரிய தளபதிகள் அவருக்கு நண்பர்கள். சொந்த வாழ்வில் துக்கமும் உண்டு. முதல் மனைவி 1944-ல் புற்றுநோயில் இறந்தார். பிள்ளைகளோடு நின்ற மார்க்ஸ் பின்னர் மறுமணம் செய்துகொண்டார்.

பிளாஸ்டிக் வந்தது

1950-களில் பிளாஸ்டிக் புகுந்தது. மார்க்சும் மாறினார். முதலில் நல்ல வேலைப்பாடுள்ள பெட்டிகள் வந்தன. போகப் போக மிக மலிவான பெட்டிகளில் வர்ணம் பூசுவதையே விட்டுவிட்டார்கள். பிளாஸ்டிக்கின் நிறமே பெட்டியின் நிறம். எடையும் குறைந்தது. தகரப் பெட்டியில் அச்சு வேலை கண்ணைப் பறித்தது. இந்தப் பெட்டிகளில் பார்க்க ஒன்றும் இல்லை. மிச்சம் பிடிப்பதில் மன்னரான மார்க்ஸ், இந்தக் கடைசிக் காலப் பெட்டிகளில் ஒரு படி அதிகமாகவே மிச்சம் பிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தைகளின் ஆசையும் ரயிலை விட்டு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

1972-ம் ஆண்டு மார்க்ஸ் தம் கம்பெனியை குவேக்கர் ஓட்ஸ் கம்பெனிக்கு 5 கோடியே 40 லட்சம் டாலருக்கு விற்றார். அவருக்கு வயது 75. வாங்கியவர்களால் அதை நடத்த முடியவில்லை. 1976-ல் ஓர் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கைமாற்றினார்கள். 1980-ல் அதுவும் திவாலாயிற்று. தாம் கட்டிய தொழில் சிதறுவதைப் பார்த்துவிட்டுத்தான் மார்க்ஸ் கண்ணை மூடினார். 1982-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் காலமானார். அப்போது வயது 85.

பென்சில்வேனியாவில் யார்க் என்ற ஊரில், பழைய பொம்மை ரயில் சேகரிப்பவர்களின் சந்தை ஆண்டுக்கு இரு முறை கூடுகிறது. 6 அங்குலத் தகரப் பெட்டிகளும் அங்கே வருகின்றன. வாங்குகிறவர் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்புகிறார். நாக்குகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். ஒரு வட்டம், அதற்குள் ரயில்வே கேட் பலகை போல ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் மூன்று எழுத்துகள். மார்க்ஸ் கம்பெனியின் முத்திரை அது. பிறகு பெட்டியை மேஜைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளி, சக்கரம் நேராக உருள்கிறதா என்று பார்க்கிறார்.